மதுரை ஜில்லாக்காரர்

பள்ளங்கியில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம், "இது எந்த ஜில்லா, பெரியவரே?" என்று கேட்டேன். "மதுரை ஜில்லாங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. 1985 செப்டம்பர் 15-ஆம் தேதியே திண்டுக்கல் தனி மாவட்டமாகிவிட்டது; கொடைக்கானல் மலையும் அதோடு போயிற்று.

ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியார் பெற்ற திண்டுக்கல் சீமைதான் மதுரை ஜில்லாவுக்கு வித்து. 1845-இல் கொடைக்கானலில் பங்களா கட்டிக் குடியேறியவர்கள், மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார். 1910-இல் ராமநாதபுரம் பிரிந்தது. மலை மதுரையோடுதான் இருந்தது. 1985-க்குப் பிறகோ, 1997-இல் தேனியும் பிரிந்தது.

"திண்டுக்கல் ஆகி எத்தனையோ வருஷமாச்சே!" என்றேன்.

"தெரியுங்க. எங்க அய்யா காலத்துப் பட்டாவிலே மதுரைன்னு இருக்கு. கலெக்டரைப் பாக்கத் திண்டுக்கல் போகணும். பூண்டு விக்க வடுகபட்டிச் சந்தைக்குப் போறேன், அது தேனி. மூணும் முந்தி ஒண்ணா இருந்துச்சே, அந்தப் பேரைச் சொன்னேன்."

என் சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லைக்கோட்டை ஒரே நாளில் கிழித்துவிடலாம். பழைய பட்டாவும் கையுமாக அதைக் கடந்து நடக்கிறவருக்கல்லவா ஒரு ஆயுள் பிடிக்கிறது!