கோலமும் முடிவிலியும்

மார்கழி மாதத்தில் தாராபுரத்துத் தெருக்களில் விடியும் முன்னரே வாசல்தோறும் கோலங்கள் மலர்ந்துவிடும். ஒரு கோலத்தைச் சிறிய அளவில் போடத் தெரிந்தவர், அதையே பெரிதாக்கவும் அறிவார். அளவு மாறினாலும் வளர்க்கும் விதி ஒன்றே. இந்த எளிய உண்மை கணினி அறிவியலிலும் இடம்பெற்றது.

தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர்களான கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியர், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-ல் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்துக் கட்டுரை வெளியிட்டனர். ஒரு குறியை எடுத்துவிட்டு அவ்விடத்தில் வேறு குறிகளை எழுத வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இதுவே மாற்றி எழுதும் முறை.

நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போனால் என்னவாகும்? ராணி சிரோமணி, வி.ஆர்.டேர், கே.ஜி.சுப்பிரமணியன் மூவரும் 1983-ல் முடிவில்லாத குறி அணிகளை ஆராய்ந்தனர். கணிதக் கோவைகளுக்கு இதே கேள்வியை 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டெர்ஷோவிட்ஸ் குழுவினரும், கெனவே, க்ளாப், ஸ்லீப், டி விரீஸ் ஆகியோரும் எழுப்பினர். மாற்றம் நடக்கும் இடம் மேலும் மேலும் உள்ளே தள்ளிப்போக வேண்டும் என்பது இரண்டாம் குழுவினரின் நிபந்தனை. அப்போது முன்பகுதி ஒவ்வொன்றாக உறுதிப்பட்டு, முடிவில்லாத ஒரு விடை கிடைக்கும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் எழுந்தது. எந்த வரிசையில் மாற்றினாலும் பாதைகள் மீண்டும் ஓரிடத்தில் சேரும் என்று லாம்டா கணிதத்துக்குச் சர்ச்சும் ராஸரும் 1936-ல் நிறுவியிருந்தனர். முடிவிலியில் இந்த உறுதி குலைகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு கோட்டின் நுனி வெள்ளைக் கட்டம், காவிக் கட்டம், மீண்டும் நுனி என வளரட்டும். எந்தக் கட்டத்தையும் அழிக்கலாம் என்பதும் விதி. கோடு எவ்வளவு நீண்டிருந்தாலும், முடிவுள்ளவரை எல்லாவற்றையும் அழித்து வெறும் நுனிக்குத் திரும்பிவிடலாம். முடிவில்லாத கோட்டிலோ, ஒருவர் வெள்ளையை மட்டும் அழித்தால் காவியே மிஞ்சும். மற்றவர் காவியை அழித்தால் வெள்ளையே மிஞ்சும். அதன்பின் எத்தனை கட்டங்களை அழித்தாலும் கோடு அப்படியேதான் இருக்கும். இரண்டும் இனிச் சேரா!

இவ்வாறு உரிக்க உரிக்கத் தீராத கோவைகளைப் பொருளற்றவை எனக் கொண்டு, அவற்றை ஒன்றுக்கொன்று சமமாக்கினால் பழைய உறுதி திரும்பும் என்று கெனவே குழுவினர் காட்டினர். ஹாஸ்கெல் போன்ற நிரல்மொழிகள் முடிவில்லாப் பட்டியல்களைக் கையாள்வதால், இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று.

வாசல் கோலம் காலடி பட்டு மறுநாளே அழியலாம். அதை வளர்க்கும் விதிக்கோ எல்லை இல்லை.