விழுப்புரத்தில் வண்டி மாறி

2000-ஐ அடுத்த சில வருஷங்களில் சென்னையிலிருந்து மாயவரத்துக்கு ரயிலேறியவர்கள் விழுப்புரம் ஜங்ஷனை லேசில் மறந்திருக்க மாட்டார்கள். விழுப்புரம் வரையில் அகலப் பாதை வந்துவிட்டது. தண்டவாளங்களுக்கு நடுவே ஐந்தரை அடி. அங்கிருந்து கடலூர் வழியாகப் போகும் பாதையோ பழைய மீட்டர் கேஜ். வண்டியின் மேல் குற்றமில்லை, டிரைவர் மேலும் குற்றமில்லை. ஆனாலும் மூட்டை முடிச்சுகளோடும் குழந்தை குட்டிகளோடும் இறங்கி அடுத்த வண்டிக்கு ஓட வேண்டியதுதான்.

திண்டிவனத்திலிருந்து தினம் விழுப்புரம் கல்லூரிக்குப் போய்வரும் என் தங்கை மகன் ஒரு கேள்வி கேட்டபோது இந்த ஜங்ஷன்தான் என் நினைவுக்கு வந்தது.

“மாமா, செல்போன் செயலி எழுதுவதற்கு எந்தக் கம்ப்யூட்டர் பாஷையைப் படிக்கட்டும்? ஒரு கோர்ஸுக்குத்தான் அப்பாவிடம் பணம் இருக்கிறது.”

கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் எந்தப் பாஷையானாலும் அதன் பூர்வோத்தரத்தைக் கிளறுவதில் எனக்கு ஆசை அதிகம். விசாரித்துப் பார்த்தேன்.

ஆப்ஜெக்டிவ்-ஸி என்பது மூத்தது. 1980-களின் தொடக்கத்தில் பிராட் காக்ஸ், டாம் லவ் என்ற இருவர் உண்டாக்கியது. ஆப்பிளை விட்டு வெளியேறிய ஸ்டீவ் ஜாப்ஸ் தமது நெக்ஸ்ட் கம்பெனியில் அதைக் கையாண்டார். அவர் ஆப்பிளுக்குத் திரும்பியபோது, புக்ககம் வரும் பெண்ணுக்குத் துணையாக வந்த பாட்டியைப்போல அதுவும் கூடவே வந்தது. 2007-ல் ஐபோன் பிறந்ததும் பாட்டிக்கு ராஜயோகம் அடித்தது!

ஜாவாவை ஜேம்ஸ் காஸ்லிங் 1991-ல் வீட்டுச் சாதனங்களுக்காகத் தொடங்கினார். ஆபீஸுக்கு வெளியே நின்ற ஓக் மரத்தின் பெயரை முதலில் சூட்டி, 1995-ல் காப்பியின் பெயருக்கு மாற்றினார்கள். ஒரு தடவை எழுதினால் எங்கும் ஓடும் என்பது அதன் விருது. 2008-ல் வெளிவந்த ஆண்ட்ராய்டு போன் அதைத்தான் எடுத்துக்கொண்டது.

எங்கும் ஓடுமா? செல்லினத்தின் கதையைப் பாருங்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் கைப்பேசியில் தமிழ் எழுதுவதற்காகச் செய்த செயலி அது. ஜாவா போன்களுக்காக 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியாயிற்று. இரண்டே வருஷத்தில் ஐபோன் வந்தது. அதில் ஜாவா ஏறாது. ஆண்ட்ராய்டு ஜாவாவைப் பேசுகிறதே என்றால், பழைய போன்களுக்கு எழுதியதை அதுவும் அப்படியே ஏற்காது. அதே அகரம், அதே ஆகாரம். ஆனாலும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டி மாறத்தான் வேண்டும். ஐபோனிலோ பிறர் செய்த விசைப்பலகைக்கு 2014 வரையில் வாசலே திறக்கவில்லை. எந்தப் பாஷை உயர்ந்தது என்று இங்கே யார் பரீட்சை வைத்தார்கள்? தண்டவாளம் போட்டவன் வைத்ததுதான் அகலம்.

அதற்காகப் பாஷைகளுக்குள் பேதமே இல்லை என்று சொல்ல மாட்டேன். டோனி ஹோர் என்ற ஆங்கிலேய அறிஞர் 1965-ல், ‘இங்கே ஒன்றுமில்லை’ என்பதற்கு ‘நல்’ என்று ஓர் அடையாளத்தைப் புகுத்தினார். பெட்டி இருப்பதாக நம்பிக் கை வைத்தால் பெட்டியே இராது. செயலி பொத்தென்று விழும். அது நூறு கோடி டாலர் தவறு என்று 2009-ல் அவரே ஒப்புக்கொண்டார். ஜாவாவில் இந்தப் பிசாசு குடியிருக்கிறது. 2011-ல் ஜெட்பிரெயின்ஸ் கம்பெனி அறிவித்த காட்லினும், 2014-ல் ஆப்பிள் வெளியிட்ட ஸ்விஃப்டும் வேறு வழி செய்தன. பெட்டி காலியாக இருக்கலாம் என்றால் எழுதுகிறவன் முன்கூட்டியே சொல்லி, அதற்கு வகையும் செய்தாக வேண்டும். இது மெய்யான லாபம். கூகிள் 2017-ல் காட்லினை அங்கீகரித்து, 2019-ல் அதற்கே முதலிடம் கொடுத்தது.

இரண்டு பாதைக்கும் பொதுவாக மூன்றாவது தண்டவாளம் போடப் பார்த்தவர்களும் உண்டு. பேஸ்புக்கின் ரியாக்ட் நேட்டிவ் 2015-லும், டார்ட் பாஷையில் எழுதும் கூகிளின் ஃபிளட்டர் 2018-லும் அப்படி வந்தவை. அந்தப் பாதைக்கும் சொந்தக்காரர் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

மருமானைக் காட்லின் படிக்கச் சொன்னேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் யார் கையைப் பார்த்தாலும் ஆண்ட்ராய்டு. ஐபோனுக்கு எழுத வேண்டுமென்றால் ஆப்பிள் கம்ப்யூட்டர் வேறு வாங்க வேண்டும்; அவன் அப்பாவின் பணம் அதற்குக் காணாது.

“இதுவும் மாறிப் போய்விட்டால், மாமா?”

“மாறும். மூட்டையைச் சின்னதாகக் கட்டிக்கொள்” என்றேன்.