கல்முனைக் கரையோர ஊர்களில் மனநலத் தன்னுதவி

மருதமுனை முதல் பொத்துவில் வரையான அம்பாறை மாவட்ட முஸ்லிம் ஊர்களில் மனப்பாரம், நித்திரையின்மை, நெஞ்சுப் படபடப்பு போன்றவற்றுக்கு ஆஸ்பத்திரியை நாடுமுன் மக்கள் கையாளும் வழிகள் பெரும்பாலும் குடும்பத்தையும் பள்ளிவாசலையும் சார்ந்தவை.

இங்கு மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் உம்மாவும் ராத்தாவும் அதே வளவிலோ அடுத்த வேலியிலோ இருப்பார்கள். அழுகிறவளைத் தனியே விடாத ஏற்பாடு இது. ஆனால் குடும்பத்துக்குள்ளேயே பிரச்சினை என்றால் இதே நெருக்கம் வாயை அடைத்துவிடும். இந்த ஏற்பாட்டையும் ஆழிப்பேரலை குலைத்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அம்பாறையில் 10,000 பேருக்கு மேல் இறந்தனர். இலங்கையில் மிகுந்த உயிரிழப்பு இம்மாவட்டத்தில்தான். கடலோரம் 200 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்ற விதி பின்னர் தளர்த்தப்பட்டது. அதற்குள் பலர் இடம்பெயர, அக்கம்பக்கம் கலைந்தது. இதை வீட்டிழப்பாக மட்டும் எண்ணியது நிவாரணத் திட்டங்களின் பெருங்குறை.

ஜனாஸா (அடக்கத்துக்கான உடல்) கிடைக்காத துக்கம் எளிதில் ஆறுவதில்லை. ஆழிப்பேரலைக்குப் பின்பும், கொவிட் காலத்தில் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என்ற அரச விதி 2021 பெப்ரவரி வரை நீடித்தபோதும் இந்த வேதனை இருந்தது. உடல் முன்னே இல்லாமலே தொழ ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பிரிவில்) இடமுள்ள காயிப் ஜனாஸாத் தொழுகையும், இறந்தவர் பெயரில் கொடுக்கும் ஸதகா என்ற தர்மமும் விடைபெற ஒரு வழி.

சோர்ந்தவர் மனம் தெளியட்டும் என்று காத்திருக்காமல், சிறு வேலையொன்றைக் குறித்த நேரத்தில் தொடங்குவது நல்லது. ஐவேளைத் தொழுகை அதற்கான நேர ஒழுங்கைத் தருகிறது; மாலை அஸர் தொழுதபின் கடற்கரையில் நடப்பது அப்படியொரு தொடக்கம். படபடப்பு வந்தால் பாதங்களைத் தரையில் அழுத்தி, மூச்சை மெதுவாக விட்டு, சுற்றிலும் தெரிவதையும் கேட்பதையும் கவனிக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு மன அழுத்தக் கையேடும் இத்தகைய பயிற்சியையே முதலில் சொல்கிறது.

தண்ணீர் ஓதிக் குடிப்பதும் மௌலவியிடம் ஓதிப் பார்ப்பதும் ஆறுதல் தரும். அவற்றைக் கேலி செய்வதில் பயனில்லை. ஜின் பிடித்ததாகச் சொல்லி மாதக்கணக்கில் மருந்தைத் தள்ளிப்போடுவதுதான் கேடு. இரண்டு வாரமாகச் சோர்வு நீங்காவிட்டாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ கல்முனையின் அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் காட்டலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.