மூச்சடக்கமும் காபனீரொட்சைட்டும்: ஒரு வரலாற்று நோக்கு

மூச்சை அடக்கியாளுதல் உடலுக்கு நன்மை பயக்கும் என்பது யோக நூலார் துணிபு. அந்நன்மை யாங்ஙனம் விளைகின்றது என வினவின், மிகுதியான ஒட்சிசன் குருதியிற் சேர்தலால் என்று நம்மிற் கற்றோரும் விடையிறுப்பர். இவ்விடை பொருந்துவதன்று. உடல்நலமுடைய ஒருவர் வாளா இருக்கும்போதே அவர் குருதியிலுள்ள ஈமோகுளோபின், தான் ஏற்கவல்ல ஒட்சிசனில் 95 வீதமோ அதற்கு மேலோ ஏற்றிருக்கும். ஆழ மூச்செறிந்து மேலுஞ் சேர்க்கத்தக்கது சிறிதே. ஆகவே, கழிபொருளென இகழப்பட்ட மற்றொரு வாயுவின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

எடின்பரோவிற் கற்ற யோசேப்பு பிளாக் என்பார் 1756இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 'நிலைத்த வாயு' என ஒன்றை விளக்கினார். தெளிந்த சுண்ணாம்பு நீரினுள் ஊதினால் அது பால்போற் கலங்கும். நாம் வெளிவிடும் மூச்சில் அவ்வாயு உண்டென்பதற்கு அதுவே சான்றாயிற்று. பின்னர் பிரான்சிலே இலவோசியர், சுவாசம் மெல்ல நிகழும் ஓர் எரிவு என நிறுவினார். எரிவாயின் காபனீரொட்சைட்டு அதன் புகைக்கு ஒப்பானது. புகையை வெளியேற்றுவதன்றி அதனாற் பயன் யாது? ஒரு நூற்றாண்டுக்கு மேல் இக்கருத்தே நிலவிற்று.

இதனை மாற்றியவருள் முதன்மையானவர் ஹோல்டேன். இவர் அடைத்த அறையுட் புகுந்திருந்து, தாம் விட்ட மூச்சையே மீண்டும் மீண்டும் வாங்கித் தம்முடலிலேயே சோதனை நடத்தியவர். (இத்தகைய துணிவை ஆய்வாளர் யாவரிடத்தும் எதிர்பார்த்தல் ஆகாது!) 1905இல் ஒக்ஸ்போட்டில் இவரும் பிறீஸ்லியும் கண்ட முடிபு வியத்தற்குரியது: சுவாசப்பையின் நுண்ணறை வளியிற் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 0.2 வீதம் உயர்ந்த அளவிலேயே, சுவாசிக்கும் வளியின் அளவு இருமடங்காகின்றது. மூச்சை அடக்குவோரை வருத்தும் தவிப்பும் பெரும்பாலும் இவ்வாயு பெருகுவதால் எழுவதே. இதற்கு முன்னாண்டிலே கோப்பன்கேகனில் போர் முதலியோர், காபனீரொட்சைட்டு மிகுமிடத்து ஈமோகுளோபின் தன் ஒட்சிசனை எளிதில் விடுவிக்கும் எனக் காட்டியிருந்தனர். கழிபொருள் காவலாளாயிற்று.

1924இல் உலோணாவ்லாவில் ஆய்வு நிலையம் நிறுவிய சுவாமி குவலயானந்தர் பிராணாயாமத்தை ஆய்வுகூடத்துட் கொணர்ந்தார். 1981இல் பெல்சிய அறிஞர் வெளியிட்ட ஆய்வொன்றில், நெடுங்காலம் யோகம் பயின்றோரின் மூச்சு மெதுவாகவும், காபனீரொட்சைட்டுக்கு அவருடல் காட்டும் எதிர்வினை ஏனையோரிலுங் குறைவாகவும் இருந்தன. எனவே தாங்குதிறன் பயிற்சியால் வளர்வதென்று கொள்ள இடமுண்டு.

ஆயின் அதனால் நோய் நீங்குமா? இரசிய மருத்துவர் புத்தேக்கோ 1950களில், மிகையாய்ச் சுவாசித்துக் காபனீரொட்சைட்டை இழத்தலே தொய்வு நோய்க்குக் காரணம் எனக் கூறி, மூச்சைக் குறைக்கும் பயிற்சியை வகுத்தார். பிரிஸ்பேன் நகரில் 39 நோயாளரிடத்து நடத்தி 1998இல் வெளியிட்ட சோதனையில், இப்பயிற்சி பெற்றோர் மூச்சுக்குழல் விரிக்கும் மருந்தை வெகுவாகக் குறைத்தனர். எனினும் அவர்தம் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டின் அளவு மாறவில்லை. சுவாசப்பையின் திறனும் உயரவில்லை. பயன் உண்டு, அதற்குக் கூறிய காரணமோ நிறுவப்படவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டு, நோய் தடுக்கும் மருந்தைக் கைவிடுவோர் பேரிடருக்கு ஆளாவர்.

நீரில் மூழ்குவோரிடத்து இவ்வாயுவின் காவற்றொழில் தெளிவாகப் புலப்படும். மூழ்குமுன் பலமுறை வேகமாய் மூச்செறிபவர் காபனீரொட்சைட்டை இழக்கின்றார். ஒட்சிசனோ அதற்கேற்ப மிகுவதில்லை. நீருள்ளே ஒட்சிசன் அருகியபோதும் தவிப்பு எழாது. அமெரிக்க அறிஞர் கிரேய்க் 1961இல் விளக்கியவாறு, மேலெழ வேண்டுமென்னும் உந்துதல் தோன்றுமுன்னரே அவர் உணர்விழந்து விடுகின்றார்.