புதுச்சேரியில் பிரெஞ்சுப் புரட்சி (1790–1793)

பிரான்சின் முடியாட்சியைக் கவிழ்த்த புரட்சி, அந்நாட்டின் இந்தியக் குடியேற்றங்களின் தலைநகரான புதுச்சேரியிலும் மூன்றாண்டுக் கொந்தளிப்பை உண்டாக்கியது. ஐரோப்பாவில் ஒரு மன்னர் வீழ்ந்ததன் அதிர்ச்சி தமிழ் மண்ணை நேராகத் தொட்டது இங்கேதான்.

பாரிஸில் பஸ்தீய் சிறை 1789 ஜூலை 14இல் வீழ்ந்தது. செய்தி ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பலில் வந்து சேர 1790 பிப்ரவரி ஆகிவிட்டது. அதற்குள் ஊர் கொதித்துப்போயிருந்தது. 1789 அக்டோபரில் ஆளுநர் கான்வே படைகளைத் திரட்டிக்கொண்டு மொரீஷியசுக்குப் போய்விட, ஆங்கிலேயர் நினைத்தால் நுழையலாம் என்ற நிலையில் நகரம் நின்றது. 1790 மார்ச்சில் பிரெஞ்சுக் குடிகள் கூடித் தங்களுக்கென ஒரு சபை அமைத்தனர். பாரிஸ் தேசிய மன்றத்தில் இந்தியக் குடியேற்றங்களுக்காக வணிகர் லூயி மொன்னரோன் அமர்ந்தார். வங்காளத்துச் சந்திரநாகூரில் நிலைமை முற்றி, தலைமை அதிகாரி மொந்திஞியை ஊராரே சிறைப்பிடித்தனர். புதிய ஆளுநர் தெ ஃபிரேன் விட்டுக்கொடுத்துப் போனதால் புதுச்சேரி அந்த அளவுக்குப் போகவில்லை.

சமத்துவம் யாருக்கு என்பதுதான் உண்மையான கேள்வி. கலப்பினத்தவரான தொப்பாசிகள் தங்களையும் குடிமக்களாகச் சேர்க்கச் சொல்லி வழக்காடினர். ஊரில் பெரும்பான்மையரான தமிழர்களும் கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தனர். ஆனால் வாக்குரிமை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மனித உரிமைப் பிரகடனத்தைக் கொண்டாடிய அதே சபை, வரியும் உழைப்பும் தந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவைத்தது. இந்தப் புரட்சியின் மிகப் பெரிய குறை இதுவே.

அக்காலத்தைத் தமிழில் பதிந்தவர் நகரக் காவல் தலைவரான நயினார், இரண்டாம் வீரா நாயக்கர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பெற்ற புகழ் இவருடையதற்குக் கிடைக்காதது பெரிய இழப்பு; பிரெஞ்சுப் புரட்சியை அருகிருந்து பார்த்த தமிழரின் எழுத்து வேறெங்கே கிடைக்கும்? 1778இல் தொடங்கும் அது 1792இல் நின்றுவிடுகிறது. ஆகவே பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி 1793 ஜனவரி 21இல் கில்லட்டினில் தலை வெட்டப்பட்ட செய்தி புதுச்சேரித் தெருக்களில் எப்படிப் பேசப்பட்டது என்பதை அவர் வாயிலாக அறிய வழியில்லை.

முடியாட்சியின் இடத்தில் வந்த குடியரசின் ஆயுள் இங்கே குறுகியது. 1793 பிப்ரவரியில் பிரான்ஸ் இங்கிலாந்தின்மீது போர் தொடுத்ததும் சென்னையிலிருந்து கர்னல் பிரெய்த்வெய்ட் படையுடன் வந்தார். கடல் வழியையும் ஆங்கிலக் கப்பல்கள் அடைத்தன. அப்போதைய ஆளுநர் ஷெர்மோன் ஆகஸ்டு 23இல் சரணடைந்தார். பாரிஸில் பயங்கர ஆட்சி மும்முரமானபோது புதுச்சேரி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. 1794 பிப்ரவரியில் குடியரசு அடிமைமுறையை ஒழித்த சட்டம்கூட இந்த ஊரை எட்டவில்லை.

1816இல் புதுச்சேரி மீண்டும் பிரான்சிடம் வந்தது. அப்போது அங்கே கொலையுண்ட மன்னரின் தம்பி பதினெட்டாம் லூயி அரியணையில் இருந்தார். பிரெஞ்சிந்தியத் தமிழருக்கு வாக்குரிமை, இன்னொரு மன்னரும் துரத்தப்பட்டு இரண்டாம் குடியரசு பிறந்த 1848இல்தான் வந்தது.