பவுல் கண்ட போர்வீரன்

விடுமுறை வேதாகமப் பள்ளி முடிகிற நாளில் நம் சபை மண்டபத்தில் ஒரு சின்ன ரோமப் படை அணிவகுக்கும். அட்டைப் பெட்டியை வெட்டிச் செய்த மார்க்கவசம், வெள்ளித்தாள் சுற்றிய தலைச்சீரா, பெயிண்ட் இன்னும் காயாத கேடகம். எபேசியர் 6-ஆம் அதிகாரத்தின் சர்வாயுதவர்க்கத்தை நம்மில் அநேகர் முதலில் சந்தித்தது இப்படித்தான். பல வருடங்களாக அட்டை வெட்டிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே கீழே நான் குறை சொல்வதெல்லாம் முதலில் என் கத்தரிக்கோலைத்தான்.

நாம் வாழும் இந்தப் பிரிட்டனில் அதே வேலையை இரும்பிலும் தோலிலும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 1972-இல் குளோஸ்டர்ஷயரில் தொடங்கிய எர்மின் ஸ்ட்ரீட் கார்டு என்ற குழு அவர்களில் முன்னோடி. அகழ்வாராய்ச்சியில் கிடைத்த துண்டுகளைப் பார்த்து, அதே அளவில் கவசம் செய்து, அதை அணிந்து நடந்து காட்டுகிறவர்கள் இவர்கள். வேடம் போடுகிறார்கள் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு கவசத்தை அணிந்துகொண்டு குனிந்து, நிமிர்ந்து, மழையில் நனைந்து பார்த்தவனுக்குத் தெரிவது, அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் பார்த்தவனுக்குத் தெரியாது.

முதலில் மார்க்கவசம். ரோம வீரன் என்றதும் நம் மனதில் வருவது, வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கவசம். லோரிகா செக்மென்டாட்டா என்று இன்று அதை அழைக்கிறோம். அந்தப் பெயர் பிற்கால அறிஞர்கள் வைத்தது, ரோமர் வைத்ததல்ல. இந்தப் பட்டைகளைச் சேர்த்துப் பிடித்தது எது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. உள்ளே ஒரு தோல் சட்டை இருந்திருக்கும், அதில் பட்டைகளைத் தைத்திருப்பார்கள் என்று சிலர் நினைத்தார்கள்.

1964-இல் நார்தம்பர்லாந்தில், ஹேட்ரியன் சுவருக்குப் பக்கத்திலுள்ள கோர்பிரிட்ஜில் விடை கிடைத்தது. இரண்டாம் நூற்றாண்டில் புதைக்கப்பட்ட ஒரு மரப்பெட்டி. அதற்குள் ஆயுதங்கள், கருவிகள், பழைய இரும்புச் சாமான்களோடு துணியில் சுற்றிய கவசத் துண்டுகளும் இருந்தன. லண்டன் கோபுரத்து ஆயுதச்சாலையில் பணிபுரிந்த ரஸ்ஸல் ராபின்சன் அவற்றை ஆராய்ந்து, முழுக் கவசத்தையும் திரும்பச் செய்து காட்டினார். தோல் சட்டை எதுவும் இல்லை. பட்டைகளின் உட்புறத்தில் மேலிருந்து கீழாக ஓடும் தோல்வார்கள், அவற்றைப் பிடிக்கும் சிறு ஆணிகள், அவ்வளவுதான். அதனால்தான் வீரன் குனியும்போது பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று நழுவி இடம் கொடுத்தன. உடைந்துபோன பித்தளைக் கீல்களைக் கழற்றி எறியாமல், இரு தகடுகளையும் சேர்த்து நேராக ஆணி அடித்து ஒப்பேற்றிய இடங்களும் அந்தப் பெட்டியில் உண்டு. எந்தக் காலத்திலும் பட்டறைக்காரனின் அவசரம் ஒன்றுதான்.

இங்கே ஒரு பிரசங்க உதாரணத்துக்கு விடை கொடுக்க வேண்டியிருக்கிறது. "ரோமக் கவசத்தில் முதுகுக்குப் பாதுகாப்பே கிடையாது, ஏனென்றால் வீரன் புறமுதுகு காட்டக் கூடாது" என்று கேட்டிருப்பீர்கள். நானும் பாடம் நடத்தும்போது சொல்லியிருக்கிறேன். கோர்பிரிட்ஜ் கவசத்தில் முதுகுத் தகடுகள் இருக்கின்றன. விலாவைச் சுற்றி வரும் பட்டைகளும் பின்னால் போய் முதுகில் சேர்கின்றன. ரோமப் படைத்தலைவர்கள் நடைமுறை தெரிந்தவர்கள். பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் ஈட்டி வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பவுல் பார்த்த சேவகர் இந்தப் பட்டைக் கவசத்தைத்தான் அணிந்திருந்தார்களா? நம் படப்புத்தகங்களின் ரோமன், பெரும்பாலும் ரோம் நகரில் கி.பி. 113-இல் நிறுவப்பட்ட டிராஜன் தூணிலிருந்து இறங்கி வந்தவன். அது பவுலுக்கு ஏறக்குறைய ஐம்பது வருடங்கள் பிந்தியது. அந்தத் தூணிலேயே ரோமக் குடிமக்களின் படையான லெகியோன் வீரருக்குப் பட்டைக் கவசமும், துணைப்படையினருக்குச் சங்கிலிக் கவசமும் செதுக்கியிருக்கிறார்கள். யூதேயாவில் கி.பி. 66-இல் கலகம் வெடிக்கும்வரை நிலையாக இருந்தது துணைப்படைதான். செசரியாவிலும் செபஸ்தேயிலும் ஆள் எடுத்த படை அது. எருசலேம் கோட்டைப் படிகளில் பவுலைத் தூக்கிக்கொண்டு போனவர்களும், இரவோடு இரவாகக் காலாட்களும் குதிரைவீரரும் ஈட்டிக்காரருமாக அவரைச் செசரியாவுக்கு அழைத்துப் போனவர்களும் பெரும்பாலும் சங்கிலிக் கவசக்காரர்களாகவே இருந்திருப்பார்கள். கொல்கொதாவில் நின்ற சேவகரும் அப்படியே. நம் ஈஸ்டர் நாடகத்துக்கு உடை தைக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ரோமாபுரியில் அவரைக் காவல் காத்தவனைப் பற்றியும் ஒரு சிக்கல் உண்டு. பேரரசரின் மெய்க்காவல் படையினர் நகருக்குள் காவல் நிற்கும்போது போர்க்களத்துக் கவசத்தோடு நிற்பது வழக்கமில்லை. பலவேளைகளில் சாதாரணக் குடிமகனைப் போல டோகா அணிந்து, அதற்கடியில் வாள் வைத்திருப்பார்கள். எனவே பவுல் தன் பக்கத்தில் சங்கிலியால் கட்டியிருந்த சேவகனைத் தலைமுதல் கால்வரை பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதினார் என்ற காட்சி அழகாயிருந்தாலும், அதன்மேல் அதிகம் பாரம் வைக்க முடியாது. அவருக்கு அது தேவையும் இல்லை. வாழ்நாள் முழுவதும் ரோமச் சாலைகளில் நடந்தவர் அவர். அதோடு ஏசாயாவையும் அறிந்தவர். ஏசாயா 59-இல் நீதியை மார்க்கவசமாகவும் இரட்சிப்பைத் தலைச்சீராவாகவும் அணிகிறவர் கர்த்தரே. பவுல் அந்தப் பழைய கவசத்தை எடுத்துச் சபைக்கு அளவெடுக்கிறார்.

இனி கேடகம். மூல மொழியில் பவுல் போட்ட சொல் துரேயோஸ். கதவு என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கையில் மாட்டும் சிறிய வட்டக் கேடகத்துக்கு வேறு சொல் இருந்தது. இது ஆள் மறையும் பெரிய பலகை. எகிப்தின் ஃபையும் பகுதியில் 1900-இல் கிடைத்த ஒரு கேடகம் 128 சென்டிமீட்டர் உயரம். மெல்லிய மரக்கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று அடுக்காக ஒட்டி, மேலே கம்பளியால் மூடியிருந்தார்கள். நம் வீட்டு அலமாரியின் பிளைவுட் வேலைதான் அது, இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே.

"அக்கினியாஸ்திரங்களை அவிக்க, வீரர்கள் கேடகத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டு போவார்கள்" என்பது இன்னொரு பிரசித்தமான விளக்கம். கேடகம் செய்து பழகியவரிடம் இதைச் சொன்னால் அவர் முகம் மாறும். விலங்குப் பசையால் ஒட்டிய மரத்தை ஊறவைத்தால் அது முதலில் கனக்கும், பிறகு பிரியும். ரோமர் செய்தது இதற்கு நேர்மாறு. மழை படாமலிருக்கத் தோலுறை போட்டுக் கேடகத்தைத் தூக்கிப்போனார்கள். சுவிட்சர்லாந்தின் விண்டோனிசா முகாமில் அப்படிப்பட்ட தோலுறைகளின் மிச்சங்கள் கிடைத்திருக்கின்றன. கி.மு. 57-இல் எதிரி திடீரென்று பாய்ந்தபோது உறையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் போயிற்று என்று ஜூலியஸ் சீசரே எழுதுகிறார்.

எரியும் அம்பு ஏன் அவ்வளவு பயங்கரம் என்பதற்கு லிவி என்ற சரித்திர ஆசிரியர் ஒரு விளக்கம் தருகிறார். ஸ்பெயினின் சகுந்தும் நகரத்தார், கீல் தடவிய நாரைச் சுற்றித் தீவைத்த ஈட்டிகளை எறிந்தார்கள். அது உடம்பில் படாமல் கேடகத்தில் மட்டும் குத்தி நின்றால்கூடப் போதும். நெருப்பைக் கண்டு பயந்த வீரன் கேடகத்தைக் கீழே போட்டுவிடுவான். அடுத்த ஈட்டிக்கு அவன் வெறும் மார்போடு நிற்பான். சேதம் செய்தது நெருப்பைவிடப் பயம்தான். இதைப் படித்தபின் அந்த வசனம் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

இப்படிப்பட்ட பலகையைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு ஓடியாடிச் சண்டையிடுவது கடினம். அது வரிசைக்காகச் செய்தது. நடுவில் குறுக்காக ஒரு கைப்பிடி, அதன் முன்னால் இரும்புக் குமிழ். இடது கை அந்தக் குமிழால் எதிரியை இடித்துத் தள்ளும். என் வலப்பக்கத்தைக் காப்பதில் பக்கத்தில் நிற்கிறவனின் கேடகத்துக்கும் பங்குண்டு. ஆங்கில வேதாகமத்தில் இந்தப் பகுதியைப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஓர் இழப்பு ஏற்படுகிறது. ஆங்கிலத்தின் "யூ" ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். ஆகவே ஒவ்வொருவரும் தன் அறையில் தனியாகக் கவசம் மாட்டிக்கொள்வதுபோலத் தோன்றுகிறது. தமிழில் அந்தக் குழப்பமே இல்லை. கட்டினவர்களாய், தரித்தவர்களாய், பிடித்துக்கொண்டவர்களாய் என்று எல்லாம் பன்மை. கிரேக்கத்திலும் பன்மைதான். பாட்டியின் பழைய வேதாகமத்தைத் திறந்து பாருங்கள்.

வாளை எடுப்பதே ஒரு வித்தை. சாதாரண வீரன் தன் குட்டை வாளை வலது இடுப்பில்தான் தொங்கவிட்டான், வலது கையாலேயே உருவினான். முடியாது என்றுதான் முதலில் தோன்றும். கையைத் திருப்பிப் பிடியைப் பற்றி மேலே இழுத்து முன்னால் சாய்த்தால், கேடகத்தில் இடிக்காமல், பக்கத்து வீரனையும் வெட்டாமல் வாள் வெளியே வந்துவிடுகிறது. இந்த வீரர்களைப்போல் உடுத்திப் பயிலும் குழுவினர் இதை ஒரு நொடியில் செய்து காட்டுவார்கள். பவுலின் காலத்தில் புழக்கத்துக்கு வந்த பொம்பேயி வகை வாளின் அலகு அரை மீட்டருக்குள்தான். பயிற்சிக்கு மரவாளும், நிஜத்தைவிட இருமடங்கு கனமான பிரம்புக் கேடகமும் கொடுத்து, நட்டுவைத்த கம்பத்தோடு மோதவிட்டார்கள் என்று வெஜீஷியஸ் எழுதுகிறார். ஓங்கி வெட்டாதே, குத்து என்பது பாடம். ஓங்கினால் வலது அக்குள் திறந்துகொள்ளும். பவுல் எபேசியரில் சொல்வது இந்தச் சிறிய வகை வாளுக்கான சொல். வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆண்டவரின் வாயிலிருந்து புறப்படுவதோ ரோம்பாயா என்ற பெரிய வாள். தமிழில் இரண்டும் பட்டயம் என்றே வருவதால் இந்த வேறுபாடு நமக்குத் தெரியாமல் போகிறது.

பாதரட்சைக்கு ஒரு கதை போதும். கி.பி. 70-இல் எருசலேம் தேவாலய முற்றத்தில் யூலியானுஸ் என்ற நூற்றுக்கு அதிபதி தனியாளாகப் பாய்ந்து யூதர்களைத் துரத்தினான். மண்ணில் பிடித்து நிற்பதற்காகச் செருப்பின் அடியில் அடித்திருந்த இரும்பு ஆணிகள், வழவழப்பான கல்தளத்தில் வழுக்கிவிட்டன. விழுந்தவன் எழவில்லை. யோசேப்புஸ் அவனுக்காக வருந்தி எழுதுகிறார்.

கச்சை வெறும் பெல்ட் அல்ல. சங்கிலிக் கவசத்தின் கனம் முழுவதும் தோளில் தொங்காமல் பாதியை இடுப்புக்கு மாற்றுவது அதுதான். அணிந்து நடந்தவர்கள் முதலில் சொல்வதும் இதைத்தான். அதைவிட முக்கியமாக, கவசம் இல்லாத வேளையிலும் இவன் சேவகன் என்று காட்டும் அடையாளம் அது. தவறு செய்தவனைக் கச்சையில்லாமல் நாள் முழுக்கக் கூடாரத்தின் முன் நிறுத்துவது அகுஸ்து ராயன் கொடுத்த தண்டனைகளில் ஒன்று. கி.பி. 298-இல் மர்செல்லுஸ் என்ற நூற்றுக்கு அதிபதி, பேரரசரின் பிறந்தநாள் விழாவில், படைக்கொடிகளின் முன்பாகத் தன் கச்சையைத் தானே கழற்றி எறிந்தார். இனி தான் கிறிஸ்துவுக்கே ஊழியம் செய்கிறவன் என்றார். இன்றைய மொராக்கோவின் டான்ஜியரில் விசாரணை நடந்தது. வாளுக்கு இரையானார்.

அட்டைக் கேடகம் பிடித்து நிற்கும் பிள்ளைகளிடம் நாம் சொல்லாமல் விடுவது இதுதான். பவுல் உவமையாக எடுத்த கவசம், அவரைச் சங்கிலியில் கட்டியவர்களின் கவசம். அவர் மரணமும் ரோமரின் பட்டயத்தால்தான் என்பது சபையின் பாரம்பரியம்.

கடைசியாக ஒரு கேடகம். சிரியாவில் யூப்ரத்து நதிக்கரையிலுள்ள தூரா எயூரோபோஸ் ஒரு ரோமக் காவல் நகரம். கி.பி. 256 வாக்கில் பாரசீகர் முற்றுகையிட்டபோது, மதில் இடிந்துவிடாமலிருக்க அதன் உட்புறமாக ரோமப் படை மண்ணைக் குவித்து உயர்த்தியது. மதிலோரத்து வீடுகள் பல அந்த மண்ணுக்குள் போயின. நகரம் விழுந்தது, பிறகு யாரும் அங்கே குடியேறவில்லை. 1930-களில் தோண்டியபோது, ரோமரின் வளைந்த பெரிய கேடகங்களில் ஏறக்குறைய முழுதாக மிஞ்சிய ஒரே ஒன்று அங்கே கிடைத்தது. 105 சென்டிமீட்டர் உயரம், சிவப்பு நிறம், அதன்மேல் கழுகும் சிங்கமும் வெற்றித் தேவதைகளும்.

அதே மதிலோர மண்ணுக்குள் ஒரு வீடும் கிடைத்தது. கிறிஸ்தவர்கள் கூடிய வீடு. இதுவரை கண்டெடுக்கப்பட்ட சபைக் கட்டடங்களில் மிகப் பழமையானது. ஞானஸ்நான அறையின் சுவர்களில் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பர், படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கும் திமிர்வாதக்காரன், தண்ணீரில் தடுமாறும் பேதுரு. ஓரிடத்தில் விழுந்து கிடக்கும் கோலியாத்தின்மேல் தாவீது வாளை ஓங்கி நிற்கிறான். அந்தச் சுவரோவியங்களும் அந்தக் கேடகமும் இன்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் ஒரே கலைக்கூடத்தில் இருக்கின்றன.