போனது கடிதம், வந்தது குதிரை

1336 ஜூலையில், இன்றைய பெய்ஜிங்கான கான்பாலிக்கில் ஒரு கடிதம் எழுதப்பட்டது. எலி ஆண்டு, ஆறாம் மாதம், பிறை மூன்றாம் நாள் என்று அவ்வூர் வழக்கப்படி தேதி போட்டிருந்தார்கள். போய்ச் சேர வேண்டிய இடமோ ரோன் நதிக்கரையில் உள்ள அவிஞோன். அங்கேதான் அப்போது போப் பன்னிரண்டாம் பெனடிக்ட் இருந்தார். எழுதியவர்கள் மங்கோலியப் பேரரசரிடம் பணியாற்றிய ஐந்து ஆலன் தலைவர்கள்.

காகசஸ் மலைக்காரர்களான ஆலன்களுக்குச் சீனத் தலைநகரில் என்ன வேலை? 1239-40 குளிர்காலத்தில் மங்கோலியர் ஆலன்களின் மாகாஸ் நகரை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். பணிந்துபோன ஆலன் தலைவர்களில் ஒருவர் ஹாங்ஹுசி. ஓகதேய் கான் அவருக்கு அவர் நாட்டையே விட்டுக்கொடுத்து, பதிலுக்கு ஆயிரம் வீரர்களை வாங்கிக்கொண்டார். இப்படிக் கிழக்கே போனவர்கள், தெற்குச் சீனத்தின் சோங் அரசை குப்லாய் கான் வீழ்த்தியபோது களத்தில் நின்றார்கள். பிடித்த நகரில் குடித்து மயங்கிக் கிடந்த ஆலன்களை ஊரார் இரவோடு இரவாகக் கொன்றதையும், அதற்குப் பழியாக அந்த நகரமே அழிக்கப்பட்டதையும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பின்னாளில் ‘அசூத்’ என்ற பெயரில் இடம், வலம் என இரண்டு காவல் படைகள் இவர்களுக்கென்றே அமைந்தன. கடிதத்தில் முதலாவதாக வரும் ஃபூதிம், ஹாங்ஹுசியின் வழிவந்தவர் என்பது ஆய்வாளர் கருத்து.

கடிதம் சொன்னது ஒரு குறை. தங்களுக்கு ஞான மேய்ப்பராக இருந்த பேராயர் ஜொவான்னி த மொந்தேகொர்வினோ இறந்து எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் இடத்துக்கு யாருமே வரவில்லை. முன்பு போன தூதர்களுக்கும் பதில் இல்லை. அரண்மனையைக் காக்கும் ஆட்கள், ஒரு குருவுக்காக உலகின் மறுகோடிக்கு மன்றாடி எழுத வேண்டியிருந்தது.

அதே தூதுக்குழுவிடம் பேரரசர் தோகோன் தெமூரும் ஒரு கடிதம் கொடுத்தார். ஆலன்களுக்காகப் பரிந்து பேசியவர், கையோடு தன் விருப்பத்தையும் சேர்த்துக்கொண்டார்: சூரியன் மறையும் நாட்டிலிருந்து குதிரைகளும் அரிய பொருள்களும் வேண்டும்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பயணம் செய்து 1338-இல் இரண்டும் அவிஞோன் வந்தன. இந்த முறை பதில் உடனே கிடைத்தது. ஆலன்களுக்கு விசுவாச விளக்கத்தோடு மடல் எழுதிய போப், ஃப்ளோரன்ஸ்காரரான பிரான்சிஸ்கன் துறவி ஜொவான்னி மரிஞோல்லியைத் தூதராக அனுப்பினார். அவர் குழு கான்ஸ்தாந்திநோபிள், கருங்கடல் துறைமுகமான காஃபா, உஸ்பெக் கானின் சராய், மத்திய ஆசியாவின் அல்மாலிக் என்று நின்று நின்று போய், 1342-இல்தான் கான்பாலிக்கை அடைந்தது. சிலுவை முன்னே செல்ல, மெழுகுவர்த்தியும் தூபமுமாக, விசுவாச அறிக்கையைப் பாடிக்கொண்டே அரண்மனைக்குள் நுழைந்ததாக மரிஞோல்லி பிறகு எழுதினார்.

அந்த ஆண்டு சீன அரசவை ஏட்டில் பதிவானதோ வேறு. ஃபுலாங் என்று சீனர் சொன்ன ஐரோப்பாவிலிருந்து அந்தக் குழு கொண்டுவந்த அபூர்வக் குதிரை. சீன அளவில் 11 அடி 3 அங்குல நீளம், 6 அடி 4 அங்குல உயரம். உடல் முழுக்கக் கறுப்பு, பின்னங்கால் குளம்புகள் இரண்டும் வெள்ளை. சோ லாங் என்ற ஓவியர் அதை வரைந்தார், புலவர்கள் பாடினார்கள். குதிரையை அங்குலம் அங்குலமாக அளந்து எழுதிய ஏட்டில் மரிஞோல்லியின் பெயர்கூட இல்லை.

மரிஞோல்லி மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே தங்கினார். ஆலன்கள் முப்பதாயிரத்துக்கும் மேல் என்பது அவர் சொன்ன கணக்கு. திரும்பும்போது கடல்வழி வந்து கொல்லத்தில் நெடுநாள் இருந்தார். மயிலாப்பூரில் புனித தோமா கல்லறையையும் பார்த்தார். 1353-இல் அவிஞோன் போய்ச் சேர்ந்தபோது, இன்னும் குருமாரை அனுப்பச் சொல்லும் பேரரசரின் வேண்டுகோள் அவர் கையில் இருந்தது. அவர் மறுபடி கிழக்கே போகவில்லை.

1368-இல் மிங் படை தலைநகரைப் பிடித்தது. தோகோன் தெமூர் வடக்கே ஓடினார். அசூத்துகள் புல்வெளியில் மங்கோலியக் குலங்களில் ஒன்றாகிப் போனார்கள். சீன ஏட்டை மட்டும் நம்பினால் 1342-இல் வந்தது ஒரு பரிசுக் குதிரை, அவ்வளவுதான். அதை வரவழைத்த பயணத்தில் ஆலன்களின் மனக்குறைக்கும் பங்கு உண்டு என்று தெரிவது, அவிஞோனுக்குப் போன கடிதத்தின் லத்தீன் வாசகம் தப்பிப் பிழைத்ததால்தான்.